உலகப்போர் வர்றதுக்கு முந்தின மாசம் யாருக்காவது தெரிஞ்சுதா? 1914, 1939 பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வடுவூர்ப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வடுவூர், மன்னார்குடி பக்கம். கொஞ்ச நாளா எங்க ஊர் டீக்கடைல காலைல பேப்பர் வந்தா போதும், உலகப்போர் வந்துரும்ங்கற பேச்சு தான். ஒருத்தர் இது அப்படியே 1914 மாதிரி இருக்குங்கறாரு, இன்னொருத்தர் இல்லவே இல்ல 1939 தான்ங்கறாரு, ரெண்டு பேரும் சத்தமா பேசறாங்களே தவிர அந்த வருஷங்கள்ல என்னதான் நடந்துச்சுன்னு கேட்டா சரயேவோ, ஹிட்லர், அதுக்கு மேல போக மாட்டேங்கறாங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் குவைத்ல வேலை பாக்கறாரு, அதனால டிவில நியூஸ் போட்டாலே அம்மா எந்திரிச்சு உள்ள போயிடறாங்க.

ஸ்கூல்ல நாங்க படிச்சது ரெண்டே வரி. ஆஸ்திரிய இளவரசரை சுட்டாங்க, முதல் உலகப்போர் மூண்டது. ஹிட்லர் போலந்து மேல படையெடுத்தார், ரெண்டாம் உலகப்போர் மூண்டது. மூண்டதுன்னா எப்படி மூண்டது? ஜூன் கடைசில சுட்டாங்க, ஆகஸ்ட் ஆரம்பத்துல போர், நடுவுல முழுசா ஒரு மாசம் இருக்கே, அந்த ஒரு மாசத்துல யார் யாருகிட்ட என்ன பேசினாங்க, நிறுத்தறதுக்கு வழியே இல்லாம போச்சா? சாதாரண ஜனங்களுக்கு தெரிஞ்சுதா? நம்ம தஞ்சாவூர் ஜில்லால இருந்தவங்களுக்கு இதெல்லாம் எந்த அளவுக்கு எட்டியிருக்கும்? இப்ப நடக்கற அரசியலை இழுத்து சண்டை போட வேணாம், அந்த காலத்து விவரம் மட்டும் சொல்லுங்க போதும்.

குடந்தைவாத்தியார்:

தம்பி நல்ல கேள்வி, முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இந்த பாடத்தை நடத்தினவன்ங்கற முறையில சொல்றேன், அந்த ரெண்டு வரிக்கு நடுவுல விட்டுப்போன ஒரு மாசம் தான் முழு கதையும்.

1914 ஜூன் 28 போஸ்னியால சரயேவோ நகரத்துல ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் சுட்டாங்க. பக்கத்து நாடு செர்பியா தான் இதுக்கு பின்னாடின்னு ஆஸ்திரியா பழி போட்டுச்சு. செர்பியா மேல படையெடுக்க வேணாம்னு ஆஸ்திரிய அரண்மனைக்குள்ள சொல்லிட்டிருந்த பெரிய ஆளே அவர்தான், இதை யாரும் புஸ்தகத்துல சொல்றதில்ல. அவர் போனதும் சண்டை வேணும்னு நின்ன ராணுவத் தளபதி கான்ராடுக்கு எதிரா பேச ஆளில்லாம போச்சு. ஜூலை 5, 6 தேதிகள்ல ஜெர்மனி கிட்ட கேட்டாங்க, நீங்க என்ன செஞ்சாலும் நாங்க பின்னாடி நிக்கறோம்னு ஜெர்மன் பேரரசர் கெய்சர் வாக்கு குடுத்துட்டு நார்வே பக்கம் கப்பல்ல உல்லாசப் பயணம் கிளம்பிட்டாரு.

அப்ப உடனே ஏன் அடிக்கல? இதை நம்ம ஊர்க்காரங்க கவனமா படிக்கணும். ஆஸ்திரிய ராணுவத்துல ஏகப்பட்ட சிப்பாய்ங்க விவசாயக் குடும்பத்துப் பசங்க, அறுவடைக்கு லீவு குடுத்து ஊருக்கு அனுப்பி வச்சிருந்தாங்க. திருப்பிக் கூப்பிட்டா ரயில்வேயும் குழம்பும், ஊரெல்லாம் விஷயமும் வெளிய தெரிஞ்சிடும். அந்த லீவு ஜூலை 25 வரைக்கும் இருந்துச்சு. அதோட பிரான்ஸ் ஜனாதிபதி பொயங்காரே ரஷ்யாவுக்கு விருந்தாளியா போயிருந்தாரு, அவரும் ஜார் மன்னரும் ஒண்ணா உக்காந்திருக்கற நேரத்துல மிரட்டல் கடிதம் குடுத்தா அங்கயே பேசி முடிவெடுத்துருவாங்கன்னு அவர் கப்பல் ஏறுற வரைக்கும் காத்திருந்து, ஜூலை 23 சாயங்காலம் 6 மணிக்கு செர்பியாகிட்ட குடுத்தாங்க. 48 மணி நேரம் கெடு.

செர்பியா கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் தலையாட்டிருச்சு. எங்க நாட்டுக்குள்ள வந்து உங்க அதிகாரிங்க விசாரணை நடத்தக் கூடாதுங்கற ஒண்ணை மட்டும் மறுத்துச்சு. அந்தப் பதிலை கெய்சர் ஊர் திரும்பி ஜூலை 28 காலைல படிச்சிட்டு, இனி போருக்கு காரணமே இல்லன்னு தன் கைப்பட ஓரத்துல எழுதி வச்சாரு. அன்னைக்கே ஆஸ்திரியா தந்தி அடிச்சு போர் அறிவிச்சிருச்சு. எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல நெஞ்சு அடைக்கும். வாக்கு குடுத்த ஆளே போர் வேணாம்னு நினைக்கிற அன்னைக்கு, அவர் குடுத்த வாக்கை வச்சே போர் ஆரம்பிக்குது.

அப்புறம் தான் படைதிரட்டல். செர்பியாவுக்கு துணையா நின்னது ரஷ்யா. அது பெரிய நாடு, ஆளுங்களை எல்லைக்கு கொண்டு வரவே வாரக்கணக்கா ஆகும், அதனால முன்கூட்டியே ஆரம்பிக்கணும். ஜார் ஜூலை 29 முழுப் படைதிரட்டலுக்கு கையெழுத்து போட்டாரு, அன்னைக்கு ராத்திரியே கெய்சர் தந்தி பாத்துட்டு ரத்து பண்ணாரு, மறுநாள் வெளியுறவு மந்திரி சாஸனோவ் வந்து வற்புறுத்தினதும் மறுபடி உத்தரவு குடுத்தாரு. ஜெர்மனி திட்டம் என்னன்னா, ரஷ்யா தயாராகறதுக்குள்ள அதோட கூட்டாளி பிரான்ஸை ஆறு வாரத்துல முடிச்சிட்டு கிழக்க திரும்பணும். அப்ப ரஷ்யா ஆள் திரட்ட ஆரம்பிச்சா ஜெர்மனிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். எங்கயோ செர்பியால சண்டை, ஆனா ஜெர்மனி முதல்ல போக வேண்டிய இடம் பிரான்ஸுக்கு வழியா இருந்த பெல்ஜியம். ஆகஸ்ட் 1 அன்னைக்கு இங்கிலாந்து ஒதுங்கி நிக்கும்னு ஒரு தப்பான செய்தி வந்து, அப்படின்னா எல்லா படையையும் கிழக்க திருப்புங்கன்னு கெய்சர் சொல்றாரு, தளபதி மோல்ட்கே முடியாதுங்கறாரு, வருஷக்கணக்கா உக்காந்து போட்ட ரயில் அட்டவணை அது, கலைச்சா படையே இருக்காது வெறும் கும்பல் தான் இருக்கும்னு. கல்லணைல ஷட்டரைத் தூக்கி விட்டப்புறம் வெண்ணாத்துக்கு வேணாம் காவிரிக்கு மட்டும் போதும்னு திருவையாத்துல நின்னு சொன்னா என்ன ஆகுமோ அதான். கொலோன் நகரத்துல ரைன் ஆத்துப் பாலத்து மேல 10 நிமிஷத்துக்கு ஒரு ரயில்னு படை போச்சு. ஆகஸ்ட் 4 பெல்ஜியத்துக்குள்ள ஜெர்மன் படை, அன்னைக்கு ராத்திரியே இங்கிலாந்து போர் அறிவிப்பு, பெல்ஜியத்தை யாரும் தொடக் கூடாதுன்னு 1839ல பிரஷ்யாவும் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் தான் காரணம்.

ஜனங்களுக்கு தெரிஞ்சுதான்னு கேட்டீங்க. பாரிஸ்ல ஜூலை கடைசி வரைக்கும் பேப்பர் முழுக்க ஒரு முன்னாள் மந்திரியோட மனைவி பத்திரிகை ஆசிரியரை சுட்டுக் கொன்ன வழக்கு. லண்டன்ல அயர்லாந்து பிரச்சனை. 1908ல போஸ்னியா, 1911ல மொராக்கோ, 1912லயும் 13லயும் பால்கன் சண்டைன்னு வரிசையா பாத்துப் பாத்து பழகிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் பெரியவங்க பேசித் தீத்துட்டாங்க, இதுவும் அப்படித்தான் போயிடும்னு இருந்துட்டாங்க.

நம்ம பக்கம்? செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ்ல பர்மா ஆயில் கம்பெனி டேங்குகளை சுட்டு எரிச்சப்ப தான் இது நம்ம கடலுக்கும் வந்துருச்சுன்னு தெரிஞ்சுது. ஆயிரக்கணக்குல மெட்ராஸை விட்டு ஓடினாங்க, நாகப்பட்டினம், காரைக்கால் கரையெல்லாம் அதே கடல் தானே.

காரைக்கால்வாசி:

வாத்தியார் ஐயா சொன்னதுக்கு மேல எங்க ஊர் பக்கத்துலேர்ந்து கொஞ்சம். காரைக்கால் அப்ப பிரெஞ்சு ஊர், மூணு பக்கமும் தஞ்சாவூர் ஜில்லா, அதாவது வெள்ளக்காரன் பூமி, ஒரு பக்கம் கடல். 1914ல ரெண்டு நாடும் ஒரே பக்கம் நின்னது எங்களுக்கு நல்லகாலம். அதுக்கு முன்னாடி ஆயிரம் சண்டை போட்ட நாடுங்க, 1904ல தான் சமரசம் ஆனாங்க, அதுகூட ஆப்பிரிக்காவுல எகிப்து உனக்கு மொராக்கோ எனக்குங்கற பங்கீடு. போர் வந்தா கூட நிக்கணும்னு அதுல ஒரு வரி கிடையாது.

ஆனா 1912ல கடற்படையில ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. பிரான்ஸ் தன் கப்பலையெல்லாம் மத்தியதரைக் கடலுக்கு கொண்டு போயிடும், வடக்கு கரையை இங்கிலாந்து பாத்துக்கும். காகிதத்துல இது ஒப்பந்தம் இல்ல, ஆனா 1914 ஆகஸ்ட்ல பிரான்ஸ் தூதர் கேக்கறாரு, உங்களை நம்பித்தானே எங்க கரையை திறந்து போட்டோம்னு. என்ன பதில் சொல்ல முடியும்? எழுதாத வாக்கு எழுதின வாக்கை விட இறுக்கமா கட்டிருச்சு. ஜெர்மனிக்கோ இங்கிலாந்து வருமா வராதான்னு கடைசி வரைக்கும் தெளிவாவே தெரியல, முன்கூட்டியே தெளிவா சொல்லியிருந்தா பெர்லின்ல யோசிச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

பாண்டிச்சேரி பீச் ரோட்டுல தூணுங்களோட நிக்கற போர் நினைவுச் சின்னத்தை போட்டோ எடுக்கற இடமா தான் எல்லாரும் பாக்கறாங்க. பிரெஞ்சிந்தியாவுலேர்ந்து போய் முதல் போர்ல செத்தவங்களுக்கு வச்சது அது. எங்க தெருவுலயே பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கின சொல்தா குடும்பங்க இருந்துச்சு, பேர் பிரெஞ்சுல இருக்கும், வீட்ல பேச்சு சுத்த தமிழ், பென்ஷன் வர்ற அன்னைக்கு பெரியவர் பித்தளைப் பட்டனெல்லாம் துடைச்சு கோட்டு மாட்டிக்கிட்டு தான் வெளிய வருவாரு.

திருவாரூர்த்தேர்:

1939 பத்தி நான் சொல்றேன், ஏன்னா 1914 பாணில அதை புரிஞ்சுக்க பாத்தா எல்லாமே தப்பாயிடும்.

வாத்தியார் ஐயா ஷட்டரைத் தூக்கிட்டா நிறுத்த முடியாதுன்னாரு. 1939ல நிறுத்தினாங்க. போலந்து மேல ஆகஸ்ட் 26 விடியக்காலை பாயறதா உத்தரவு போட்டாச்சு. 25ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல ரெண்டு செய்தி வருது, இங்கிலாந்து போலந்தோட ராணுவ உதவி ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுருச்சு, கூட்டாளியான இத்தாலி தலைவர் முசோலினி நான் இன்னும் தயாரில்லன்னுட்டாரு. ஹிட்லர் அன்னைக்கு சாயங்காலமே படையை நிறுத்தச் சொல்றாரு. லட்சக்கணக்கான ஆள், டாங்கி, எல்லாம் எல்லையை நோக்கி நகர்ந்துட்டிருக்கு, நின்னுச்சு. ஒரே ஒரு சின்ன குழுவுக்கு மட்டும் செய்தி போய் சேரல, அவங்க யாப்லுன்கோவ் கணவாய் ரயில் குகையை பிடிக்க போய் போலந்துக்காரங்ககூட சுட்டுக்கிட்டாங்க, அப்புறம் தகவல் தப்புன்னு பேசி மூடி மறைச்சாங்க. அதாவது நிறுத்த முடிஞ்சுது. நிறுத்தி, ஆறு நாள் கழிச்சு செப்டம்பர் 1 காலைல 4.45க்கு மறுபடி ஆரம்பிச்சாங்க. இங்க ரயில் அட்டவணை மேலயோ கூட்டணி மேலயோ பழி போட முடியாது, ஒரு ஆளு போர் வேணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தாரு.

அதுக்கு முன்னாடி வருஷங்கள்ல என்ன நடந்துச்சுன்னு பாத்தா தான் வயிறு எரியும். ஜெர்மனி படை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருந்த ரைன்லாந்துக்குள்ள 1936 மார்ச்ல படையை விட்டாங்க, யாரும் கேக்கல. 1938 மார்ச் ஆஸ்திரியாவை சேத்துக்கிட்டாங்க, யாரும் கேக்கல. அப்புறம் செக்கோஸ்லோவாகியால ஜெர்மன்காரங்க வாழற மலை எல்லை, சூடேட்டன்லாந்து. இங்கிலாந்து பிரதமர் சேம்பர்லின் 69 வயசுல விமானம் ஏறி செப்டம்பர்ல மூணு தடவை ஜெர்மனிக்கு போனாரு. அந்த மனுஷனை நான் கோழைன்னு சொல்ல மாட்டேன். 1914ல யாரும் நேர்ல உக்காந்து பேசல, தந்தி தந்தியா அனுப்பிட்டிருந்து ஒரு தலைமுறையை பலி குடுத்தாங்க, அவரோட சித்தப்பா மகனே 1917ல பிரான்ஸ்ல செத்தாரு. அதனால தான் நேர்ல போய் பேசணும், எதிராளிக்கு மானம் போகாம ஒரு வழி விடணும், அவசரப்பட்டு படை திரட்டக் கூடாதுன்னு ஒவ்வொரு அடியா 1914ல செய்யாததை எல்லாம் செஞ்சாரு. எல்லாமே சரியான பாடம், தப்பான ஆளுகிட்ட.

ஜெர்மனில மியூனிக் நகரத்துல செப்டம்பர் 29 ராத்திரி இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி தலைவருங்க நாலு பேர் உக்காந்து செக் நாட்டை வெட்டினாங்க, செக் பிரதிநிதிங்களை அந்த ரூமுக்குள்ளயே விடல. போன நிலத்தோட என்னென்ன போச்சு தெரியுமா? எல்லை மலையில வருஷக்கணக்கா கட்டின கான்கிரீட் கோட்டைங்க. அடுத்த மார்ச் 15 ஹிட்லர் செக் தலைநகர் பிராகுக்குள்ளயே வந்துட்டாரு, அப்ப பில்சன்ல இருந்த ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் போச்சு. 1939லயும் 1940லயும் போலந்துக்குள்ளயும் பிரான்ஸுக்குள்ளயும் போன ஜெர்மன் டாங்கிகள்ல கணிசமானது செக் நாட்டுல செஞ்சது. விட்டுக்குடுத்த நாட்டோட ஆயுதமே விட்டுக்குடுத்தவங்களைத் தேடி வந்துச்சு.

அப்புறம் அவசர அவசரமா மார்ச் 31 போலந்துக்கு உத்தரவாதம் குடுக்கறாங்க. இங்கிலாந்து எங்க இருக்கு, போலந்து எங்க இருக்கு? ரஷ்யா இல்லாம காப்பாத்த முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்ட்ல மாஸ்கோவுக்கு ஒரு ராணுவக் குழு அனுப்பினாங்க, விமானத்துல இல்ல, மெதுவா போற கப்பல்ல, போய் சேரவே வாரம் ஓடிருச்சு. தலைவரா போன அட்மிரல் டிராக்ஸ் கையில ஒப்பந்தம் போடற அதிகாரப் பத்திரமே கிடையாது. ரஷ்யத் தளபதி வோரோஷிலோவ் ஒரே கேள்வி கேட்டாரு, ஜெர்மனியோட சண்டை போட எங்க படை போலந்து வழியா போகலாமா? பதில் இல்ல, ஏன்னா போலந்து ஒத்துக்கல, அவங்களுக்கு ரஷ்யப் படை உள்ள வந்தா திரும்பிப் போகாதுங்கற பயம், அந்த பயம் நியாயம்தான்னு அப்புறம் நடந்தது காட்டிருச்சு. ஆகஸ்ட் 23 ஜெர்மன் வெளியுறவு மந்திரி ரிப்பன்ட்ராப் மாஸ்கோவுல இறங்கினாரு, அன்னைக்கு ராத்திரியே ஒப்பந்தம், கூடவே போலந்தை ரெண்டா பிரிச்சுக்கற ரகசிய சேர்க்கை. ஒரு வாரத்துல போர்.

நம்ம பக்கம் கேட்டீங்கள்ல. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 தான் ராஜாஜி தொடங்கி வச்சாரு. மூணரை மாசத்துல போர். செப்டம்பர் 3 லண்டன்ல அறிவிச்ச அன்னைக்கே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போர்லன்னு அறிவிச்சிட்டாரு, ஒரு இந்தியத் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுக்காகத்தான் அக்டோபர் கடைசில ராஜாஜி மந்திரிசபையே ராஜினாமா பண்ணுச்சு. போலந்து சுதந்திரத்துக்காக சண்டைன்னு சொல்லிட்டு நம்மகிட்ட கேக்காம நம்ம ஆளை அனுப்புறது என்ன நியாயம்னு கேட்டாங்க, இன்னைக்கும் அந்த கேள்விக்கு பதில் கிடையாது.

வடுவூர்ப்பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அறுவடை லீவு விஷயம் டீக்கடைல சொன்னேன், பெரியவங்க எல்லாம் பேப்பரை மடிச்சு வச்சிட்டு கேட்டாங்க. திருவாரூர் அண்ணே, நீங்க சொல்றதை பாத்தா 1938லயே சண்டை போட்டிருந்தா ஜெயிச்சிருப்பாங்கங்கறீங்களா? அப்ப இங்கிலாந்துகிட்ட படை இருந்துச்சா?

குடந்தைவாத்தியார்:

இதுல திருவாரூர் தம்பிகூட நான் முழுசா ஒத்துப்போக மாட்டேன். 1938 செப்டம்பர்ல லண்டன்ல பார்க்குகள்ல பதுங்குகுழி வெட்டிட்டிருந்தாங்க, விஷவாயு முகமூடி 3 கோடியே 80 லட்சம் கிட்ட ஜனங்களுக்கு விநியோகம் ஆச்சு, குழந்தைங்களுக்கு மாட்டிப் பாத்துட்டு தாய்மார் அழுதாங்க. விமானம் வந்தா ஒரே ராத்திரில நகரம் அழியும்னு எல்லாரும் நம்பின காலம், ஸ்பெயின்ல குவெர்னிகா ஊரை ஜெர்மன் விமானங்க 1937 ஏப்ரல்ல என்ன பண்ணுச்சுன்னு பாத்துட்டாங்க. எதுத்து நிக்கற ஸ்பிட்ஃபயர் விமானம் அப்ப தான் படைக்கு வர ஆரம்பிச்சிருந்துச்சு. ரேடார் கோபுர வரிசை முடியல. 1940ல அந்த ரேடாரும் அந்த விமானமும் இல்லன்னா இங்கிலாந்து நின்னிருக்குமா?

கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் 1938ல செக் நாட்டுக்காக சண்டைக்கு வர மனசில்லாம இருந்தாங்க, 1939ல வந்தாங்க, நடுவுல பிராகுக்குள்ள ஹிட்லர் படை போனதை உலகமே பாத்துருச்சு. அந்த ஒரு வருஷம் வீணாப் போகலங்கறது என் கருத்து.

திருவாரூர்த்தேர்:

ஐயா மரியாதையோட சொல்றேன், அந்த ஒரு வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் கிடைச்ச வருஷம். இங்கிலாந்து விமானம் செஞ்சுது, ஜெர்மனி அதை விட வேகமா எல்லாமே செஞ்சுது, செக் படை முப்பத்தஞ்சு டிவிஷன் கிட்ட கணக்குலேர்ந்தே காணாம போச்சு, ரஷ்யா இவங்களை நம்பி பிரயோஜனம் இல்லன்னு முடிவு பண்ணிருச்சு. மியூனிக்குக்கு ரஷ்யாவை கூப்பிடவே இல்லையே. ஸ்பிட்ஃபயர் கணக்கை மட்டும் வச்சு பாக்காதீங்கன்னு தான் சொல்றேன்.

நாகூர்க்கடல்:

எல்லாரும் ஐரோப்பாவையே பேசறீங்க. நம்ம டெல்டாவுக்கு உலகப்போருக்கு முந்தின நாள்னா அது 1941 தான். இதை எழுதாம போனா எங்க ஊர் பெரியவங்களுக்கு பதில் சொல்ல முடியாது.

நாகப்பட்டினத்துலேர்ந்து ராஜுலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயிட்டிருந்த காலம். நாகூர்லேர்ந்து யாவாரத்துக்கு போனவங்க பினாங்குலயும் சிங்கப்பூர்லயும் நாகூர் ஆண்டவர் பேர்ல தர்காவே கட்டினாங்க, இன்னைக்கும் நிக்குது. தஞ்சாவூர், திருச்சி ஜில்லா கிராமங்கள்லேர்ந்து கங்காணி கூட்டிட்டுப் போன பண்ணையாள் சனம் ரப்பர் தோட்டத்துல. ஜப்பான் மலாயாவை ஏன் கேட்டுச்சுன்னு பாத்தா இந்த ரப்பர், வெள்ளீயம், பக்கத்துல டச்சு இந்தோனேசியாவுல பெட்ரோல்.

ஜப்பான் 1937 ஜூலைலேர்ந்து சீனாவுல மாட்டிக்கிட்டு முடிக்க முடியாம நின்னுச்சு. பெட்ரோல்ல பெரும்பகுதி அமெரிக்காகிட்ட வாங்கறது. 1941 ஜூலைல தெற்கு இந்தோசீனாவுக்குள்ள, அதாவது இன்னைக்கு வியட்நாம் இருக்கற பக்கம், படையை இறக்கினதும் அமெரிக்காவும் இங்கிலாந்தும் டச்சும் ஜப்பான் பணத்தை முடக்கினாங்க, பெட்ரோல் நின்னுச்சு. இருப்பு ரெண்டு வருஷம் தாங்காதுன்னு அவங்க கடற்படை கணக்கு. இருப்பு குறையக் குறைய சண்டை போடற தெம்பும் குறையும், அதனால போட்டா இப்பவே போடணும், இல்லன்னா சீனாவை விட்டுட்டு வரணும். சீனாவை விட எந்த தளபதியும் ஒத்துக்கல. வாத்தியார் ஐயா ரயில் அட்டவணை சொன்னாரே, இங்க பெட்ரோல் இருப்பு அதே வேலையை செஞ்சுது. பேச்சுவார்த்தை வாஷிங்டன்ல நடந்துட்டிருக்கும்போதே நவம்பர் 26 அமெரிக்கக் கடற்படைத் தளமான பெர்ல் ஹார்பரை நோக்கி ஜப்பான் கப்பல்ங்க கிளம்பியாச்சு.

இங்கிலாந்து என்ன வாக்கு குடுத்து வச்சிருந்துச்சு? ஆபத்து வந்தா பெரிய கடற்படை சிங்கப்பூருக்கு வரும்னு. அதுக்காகவே கோடிக்கணக்குல செலவு பண்ணி கப்பல் தளம் கட்டி 1938 பிப்ரவரில திறந்தாங்க. தளம் இருந்துச்சு, கப்பல் இல்ல. முதல்ல 70 நாள்ல வந்துருவோம்னாங்க, ஐரோப்பாவுல போர் வந்ததும் 1939 செப்டம்பர்ல 180 நாள்னு மாத்தினாங்க, அதாவது ஆறு மாசம் நீங்களே பாத்துக்கங்கன்னு. கடைசில 1941 டிசம்பர் 2 பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெரிய கப்பல் வந்துச்சு, கூட விமானம்தாங்கி இல்ல. டிசம்பர் 10 ரெண்டையும் ஜப்பான் விமானங்க மூழ்கடிச்சிட்டாங்க. மலாயாவுல கோத்தாபாரு கரையில ஜப்பான் படை இறங்கினது பெர்ல் ஹார்பர் குண்டு விழறதுக்கும் ஒரு மணி நேரம் முன்னாடி. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரணடைஞ்சுது.

அந்த 1941ல தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னும் சொல்றேன், இதை பெரும்பாலும் யாரும் எழுதறதில்ல. கிள்ளான் வட்டாரத்துல தமிழ்த் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணாங்க. போரால ரப்பர் விலை ஏறி முதலாளிக்கு கொள்ளை லாபம், கூலி மட்டும் ஏறல. சீனத் தொழிலாளிக்கு குடுக்கற கூலி எங்களுக்கும் வேணும், பிள்ளைங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேணும்னு கேட்டாங்க, கூட ஒண்ணு கேட்டாங்க, துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்ங்கற வழக்கத்தை எடுக்கணும். அதுக்கு ராணுவத்தை வரவழைச்சு சுட்டாங்க. ஜப்பான் வர்றதுக்கு ஏழெட்டு மாசம் முன்னாடி, எல்லையை காக்க வேண்டிய துப்பாக்கி சைக்கிள்ல போகணும்னு கேட்டவன் மேல திரும்புச்சு. அப்புறம் அதே ஜனங்களை ஜப்பான்காரன் சயாம் பர்மா ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போய் பல்லாயிரக்கணக்குல சாகடிச்சான். கடிதாசி நின்னு போச்சு, மணியார்டர் நின்னு போச்சு, யாரு உயிரோட இருக்காங்கன்னு 1945க்கு அப்புறம் தான் பல வீடுகளுக்கு தெரிஞ்சுது. சிலருக்கு கடைசி வரைக்கும் தெரியல.

அரிசி விஷயம் வேற இருக்கு. 1930கள்ல ரங்கூன் அரிசி மலிவா வந்து இறங்கி நம்ம மிராசுதாரருங்க நெல்லுக்கு விலையே இல்லன்னு கூப்பாடு போட்டாங்க. 1942 மார்ச் 8 ரங்கூன் விழுந்துச்சு, அந்த அரிசி மொத்தமா நின்னுச்சு, தஞ்சாவூர் நெல்லு மாகாணத்துக்கே சோறு போட வேண்டியதாச்சு. தம்பி வடுவூர், உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, அந்த பயம் நியாயமான பயம், வெளிநாட்டுல ஆள் இருக்கற வீடு எல்லா காலத்துலயும் முதல்ல பயப்படற வீடு தான். மச்சானோட பாஸ்போர்ட் நகல், கம்பெனி விலாசம், நம்ம தூதரக போன் நம்பர் எல்லாம் வீட்ல ஒரு தாள்ல எழுதி வச்சுக்கங்க. 1941ல பாதி வீட்ல தோட்டத்து பேர் கூட சரியா தெரியாம தான் தவிச்சாங்க.

வடுவூர்ப்பையன்:

அண்ணே நகலெல்லாம் இன்னைக்கே அக்காகிட்ட வாங்கி வைக்கிறேன். சைக்கிள் விஷயம் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. கடைசியா ஒண்ணு கேக்கறேன், டீக்கடைல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, கூட்டணின்னு ஒண்ணு இருந்தாலே ஒருத்தன் சண்டைக்கு போனா மத்தவனும் போய்த் தான் ஆகணும், 1914ல அதான் ஆச்சுன்னு. அது சரியா?

காரைக்கால்வாசி:

சரியில்ல தம்பி, இத்தாலியை எடுத்துக்கங்க. 1882லேர்ந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோட முக்கூட்டுல இருந்த நாடு. 1914 ஆகஸ்ட்ல என்ன சொன்னாங்க? இது தற்காப்புக்கான கூட்டணி, ஆஸ்திரியா தானே போய் செர்பியாவை அடிச்சுது, எங்களைக் கேக்கவும் இல்ல, அதனால நாங்க நடுநிலைன்னுட்டாங்க. 1915 மே மாசம் எதிர்ப் பக்கமே சேந்து ஆஸ்திரியா மேல போர் அறிவிச்சாங்க, நிலம் தர்றோம்னு லண்டன்ல ரகசியமா பேசி முடிச்சதுக்கு அப்புறம். ருமேனியாவும் அதே கதை, ஆஸ்திரியாவோட 1883லேர்ந்து ரகசிய ஒப்பந்தம், 1914ல ஒதுங்கிருச்சு, 1916ல எதிர்ப் பக்கம். இந்தப் பக்கம் பாத்தா, இங்கிலாந்துக்கு பிரான்ஸோட எழுத்துல கட்டாயமே கிடையாது, ஆனா போச்சு.

கையெழுத்து போட்டவன் போகல, போடாதவன் போனான். ஒவ்வொரு நாடும் அந்த வாரத்துல தனக்கு எது நஷ்டம்னு பாத்து தான் முடிவெடுத்துச்சு. ஜெர்மனி ஜெயிச்சு பெல்ஜியம் கரையில வந்து உக்காந்தா எதுத்தாப்புல தன் வாசல்னு இங்கிலாந்துக்கு தெரியும், அதுக்காக போச்சு. டீக்கடைக்காரர்கிட்ட இத்தாலியை கேளுங்க.